தவணை முடிந்த மாதம்

அத்தியாயம் 3

மூன்று புகார்க் கடிதங்களையும் அவள் மேசைமேல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள். வைத்த கையோடு, மேசையில் கிடந்த டீ கிளாஸின் ஈர வளையத்தையும் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் தொழில் அப்படி.

"மூணு இடம் போச்சு, மேடம். இன்னும் ஒண்ணு போனா கம்பெனி கொடுத்த லைசென்ஸே போயிடும்."

எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் கோர்ட்டில் வாதாடிவிட்டு, ஒருநாள் கறுப்பு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, இந்த சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தவர். அங்கி இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது.

பக்கத்து ஸ்டூலில் அவருடைய உதவியாளன் தந்தி. நாற்பத்தாறு வயது. காதில் விழுந்த செய்தி அரை நிமிடத்தில் வாய்வழியாக வெளியேறிவிடும் என்பதால் வந்த பெயர். அவன் உலகத்தில் யாரையும் நம்புவதில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். இப்போது அவன் சந்தேகப்பட்டது வந்திருந்த பெண்ணைத்தான். மூன்று இடத்தில் வேலையை இழந்தவள், அந்த மூன்று இடத்துக்கும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஏன்?

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா. "அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் என்ன ஏற்பாடு?"

"ஆஸ்பத்திரியில பதினாலு வருஷம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருந்தேன். வேலையை விட்டப்ப வந்த பணத்தைக் கட்டி இந்த கிளீனிங் கம்பெனி ஃபிரான்சைஸ் எடுத்தேன். பேரு அவங்களுது, போட்டுக்கற சட்டை அவங்களுது, முதுகு ஒடியறது நம்மளுது. எந்த ஆபீஸ், எந்தக் கடைன்னு அவங்கதான் பிடிச்சுத் தருவாங்க. அப்படித் தர்ற ஒவ்வொரு இடமும் ஒரு அக்கவுண்ட்."

"சும்மாவா தருவாங்க?"

"ஒரு அக்கவுண்ட்டுக்கு நாலு மாசப் பில் கட்டணம். இந்தப் பல் கிளினிக்கை எடுத்துக்குங்க. மாசம் இருபதாயிரம். அப்ப அதைப் பிடிச்சுக் கொடுத்ததுக்கு எண்பதாயிரம். மாசம் பத்தாயிரமா எட்டுத் தவணை. கிளினிக் பணத்தை நேரா கம்பெனிக்குத்தான் கட்டும். அவங்க தவணையைப் பிடிச்சுக்கிட்டு, பேரு கொடுத்ததுக்குன்னு நூத்துக்குப் பதினஞ்சையும் பிடிச்சுக்கிட்டு, மீதியை எனக்கு அனுப்புவாங்க."

"அதாவது கைக்கு ஏழாயிரம்" என்றான் தந்தி. "அதில சோப்பு, ஆள் கூலி, வண்டிக்கு டீசல். கல்யாணத் தரகரே தேவலை போலிருக்கே!"

"எட்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டா ஒன்பதாம் மாசத்திலேருந்து நமக்கு நிக்கும். அந்த நம்பிக்கையிலதான் எடுத்தேன்."

"இடையில இடம் போயிட்டா?"

"அவங்க கடையை மூடிட்டாங்கன்னா கம்பெனி வேற இடம் தரும். ஆனா நம்ம வேலை சரியில்லைன்னு புகார் வந்தா அக்கவுண்ட்டும் போச்சு, கட்டின கட்டணமும் போச்சு. நாம போய் அந்த இடத்துல பேசவும் கூடாது. பேசினா அதுக்கே லைசென்ஸை எடுத்துடுவாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு."

தந்தியின் சந்தேகம் ஒரு இடத்திலிருந்து எழுந்து இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்தது. வாசல் நிலையில் சாய்ந்தபடி ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். வந்தவளின் கணவனுடைய தம்பி. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள்தான் வீடு. வேனை ஓட்டுவது, மெஷின் தூக்குவது எல்லாம் இந்தக் கொழுந்தன்தான்.

"அண்ணி, கிளம்பலாமா? இதெல்லாம் தோண்டிக்கிட்டு இருந்தா இருக்கறதும் போயிடும்" என்றான் அவன், மூன்றாவது தடவையாக.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த அறையில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டிருந்தாள்.

வக்கீலம்மா முதல் கடிதத்தைப் பிரித்துப் பென்சிலை எடுத்தார். "கண்ணாடிக் கடை. கடைசித் தவணை எப்ப பிடிச்சாங்க?"

"ஜனவரி."

"புகார் பிப்ரவரி. ஆடிட்டர் ஆபீஸ்?"

"கடைசித் தவணை மே. கடிதம் ஜூன்ல வந்தது."

"கிளினிக் ஆகஸ்ட்டா?" அண்ணி தலையாட்டினாள். "செப்டம்பர் பதினெட்டாம் தேதி புகார்." பென்சில் நின்றது. "எட்டு மாசம் பளபளன்னு இருந்த இடம், ஒன்பதாம் மாசம் அழுக்காயிடுது. தந்தி, இந்தத் தூசிக்குத் தவணை அட்டை படிக்கத் தெரியுது."

அண்ணியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "மேடம்... நாலாவது இடம் ஃபர்னிச்சர் ஷோரூம். இருக்கறதிலேயே பெரிசு. போன மாசம்தான் கடைசித் தவணை."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலம்மா கடிதங்களோடு இணைத்திருந்த புகைப்படங்களை உருவினார். ஆடிட்டர் ஆபீஸ் புகாரில் ஒன்று, கிளினிக் புகாரில் ஒன்று. இரண்டிலும் ஜன்னல் விளிம்பில் விரல் கனத்துக்குத் தூசி. கண்ணாடிக் கடைக் கடிதத்தில் படம் இல்லை.

"ஜன்னலைத் துடைக்காம விட்டீங்களா?" என்று கேட்டான் தந்தி.

"ஆடிட்டர் ஆபீஸ்ல ஜன்னலை நானே துடைப்பேன்" என்றாள் அண்ணி.

"அப்ப இது எந்த ஜன்னல்னு பாருங்க" என்று வக்கீலம்மா படங்களை அருகருகே தள்ளினார். "இந்தக் கொண்டிக்கு ஸ்குரு இல்ல, பச்சைக் கம்பி சுத்தியிருக்கு. இங்கயும் பச்சைக் கம்பி. ரெண்டு படமும் ஒரே ஜன்னல்."

தந்தி பூதக்கண்ணாடியோடு குனிந்தான். கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. "‘...யலகம்’னு இருக்கு. செயலகம்! மேடம், அரசாங்கமே எதிர்ல இருக்கு. பெரிய இடத்து விவகாரம்!"

"செயலகத்துப் பலகையில கத்தரிக்கோல் படம் எதுக்கு?"

தந்தி மறுபடி பார்த்தான். கத்தரிக்கோலின் ஒரு வளையம் தெரிந்தது. "தையலகம்" என்றான் சுரத்தில்லாமல்.

"கிளினிக்குக்கு எதிர்ல பெட்ரோல் பங்க்" என்றாள் அண்ணி. "ஆடிட்டர் ஆபீஸுக்கு எதிர்ல காலி மனை. தையல் கடையே கிடையாது."

"அப்படி ஒரு கடை இந்தப் பக்கமே இல்ல" என்றான் கொழுந்தன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

வக்கீலம்மா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு கடிதம் வந்த உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த ஏரியா அலுவலக முகவரியை எழுதிக்கொண்டார். "இங்க போயிருக்கீங்களாம்மா?"

"இல்ல மேடம். ஒப்பந்தம் போட்டது தலைமை அலுவலகத்துல. ஏரியா மேனேஜர் எப்பவும் அவரேதான் வீட்டுக்கு வருவார்."

"சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பேரும் திரும்ப வாங்க."

*

ஏரியா அலுவலகம் முதல் மாடி. படியேறும்போதே வக்கீலம்மா சொன்னார். "நீ என் தம்பி. நமக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கு, ஃபிரான்சைஸ் எடுக்கலாம்னு வந்திருக்கோம். வாயைக் கொஞ்சம் கட்டு."

"தம்பின்னு சொல்லிட்டீங்க, இனி பணத்தைக் கேட்டா கோவிச்சுக்கக் கூடாது" என்றான் தந்தி.

மேனேஜர் வழிய வழியச் சிரித்தார். சிரிப்பு மட்டும் தனியாக ஒரு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கலாம் போலிருந்தது. நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், பளபளக்கும் புத்தகத்தைப் பிரித்தார். கட்டணம், தவணை, நூற்றுக்குப் பதினைந்து. அண்ணி சொன்னது அத்தனையும் அட்சரம் பிசகாமல் வந்தது.

"புகார் வந்து இடம் போயிட்டா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அதெல்லாம் வேலை தெரியாதவங்களுக்கு வர்றதும்மா. உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க அப்படி இல்லை."

தந்தி காற்று வேண்டும் என்று சொல்லி ஜன்னல் பக்கம் போனான். கொண்டியில் பச்சைக் கம்பி. வெளியே, தெருவுக்கு எதிர்ப்புறம், கத்தரிக்கோல் படத்தோடு ஒரு தையலகம். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தான். விரல் பாதி புதைந்தது. ஊரையெல்லாம் துடைத்துக் கொடுக்கிற கம்பெனி தன் ஜன்னலை ஒரு வருடமாகத் தொடவில்லை. அந்த அழுக்கைத்தான் படம் பிடித்து அண்ணியின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அவனுக்கு வாய் துறுதுறுத்தது. கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் செய்த பெரிய சாகசம் அதுதான்.

"எங்களுக்குப் பல் கிளினிக் மாதிரி ஒரு இடம் கிடைச்சா பரவாயில்லை" என்றார் வக்கீலம்மா. "பெட்ரோல் பங்குக்கு எதிர்ல ஒண்ணு இருக்கே?"

"அடடா, ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? அதை ஒருத்தர் எடுத்துட்டார். ஆனா கவலைப்படாதீங்க. இந்த மாசமே பெரிய இடம் ஒண்ணு காலியாகுது."

"யார் காலி பண்றாங்க?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தெருவுக்கு வந்ததும் தந்தி அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டினான். "மேடம், கல்யாணத் தரகர்கூட ஒரு பொண்ணுக்கு ஒரு தடவைதான் கமிஷன் வாங்குவார். இவர் தாலி கட்டின எட்டாம் மாசம் பிரிச்சு வச்சு, அதே பொண்ணுக்கு அடுத்த மாப்பிள்ளைகிட்ட மறுபடி கமிஷன் வாங்குறாரு! கேஸ் முடிஞ்சுது. போலீசுக்குப் போகலாம்."

"என்ன சொல்லி? ஜன்னல்ல அழுக்குன்னா? நாளைக்கே ஒரு துணியை எடுத்துத் துடைச்சிட்டா சாட்சி போச்சு. படம் மாறிப்போச்சுன்னு ஒரு வரியில முடிச்சுடுவார்." வக்கீலம்மா நடையை எட்டிப் போட்டார். "புகார் வர்றதுக்கு முன்னாடியே கிளினிக்கை வித்துட்டாங்கன்னு காட்டணும். அதுக்கு வாங்கின ஆள் வேணும்."

*

கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், புகார்க் கடிதத்தின் நகலை இரண்டு முறை படித்தாள்.

"நாங்க இப்படி எழுதவே இல்லையே. டாக்டரும் எழுதலை. அந்தம்மா வந்தப்ப கண்ணாடி மாதிரி இருக்கும். திடீர்னு ஒருநாள் மேனேஜர் வந்து, அவங்களுக்கு உடம்பு முடியலை, இனிமே வேற டீம் வரும்னு சொன்னார். நாங்க சரின்னுட்டோம்."

"அந்த வேற டீம் எப்படி?" என்று கேட்டான் தந்தி. மனதுக்குள் ஒரு முரட்டு ஆளை வரைந்து மீசையும் வைத்துவிட்டிருந்தான்.

"வேற டீம்னு அவர்தான் சொன்னார்." அவள் சிரித்தாள். "ஆள் பழைய ஆள்தான். அந்தம்மாவோட மெஷின் தூக்கிட்டு வருவாரே, அவங்க கொழுந்தன். இப்ப அவரே ரெண்டு பேரைக் கூட்டிட்டுக் காலையில ஆறு மணிக்கு வர்றார். கம்பெனி பில்லுல இப்ப அவர் பேருதான் இருக்கு."

தந்தி மனதுக்குள் வரைந்த மீசையை அழித்தான். காலையிலிருந்து அவன் அண்ணியைச் சந்தேகப்பட்டான், மேனேஜரைச் சந்தேகப்பட்டான், டாக்டரைக்கூட விடவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றவனை, சிடுமூஞ்சி என்பதோடு விட்டுவிட்டான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றான் வெளியே வந்ததும்.

"தையல் கடை இல்லைன்னு அவன் சொன்ன வேகம் இடிச்சுது. அவ்வளவுதான். இப்படி இருக்கும்னு நினைக்கலை." வக்கீலம்மாவின் முகத்தில் வெற்றி தெரியவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லணுமே."

*

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. நாலு மணிக்கு இருவரும் வந்தபோது வக்கீலம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, காலையில ஆறு மணிக்கு எங்க போறீங்க?"

"லோடு அடிக்கப் போவான்" என்று அண்ணி முந்திக்கொண்டாள். "பாவம், இடம் போனதிலேருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவான்."

கொழுந்தன் தலை குனிந்தது. அந்தக் குனிவைப் பார்த்துத்தான் அண்ணி திரும்பினாள்.

"தம்பி?"

"கிளினிக்கை நான்தான் எடுத்திருக்கேன், அண்ணி."

அண்ணி அவன் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி வந்தபோது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியது, டிரைவிங் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது, காய்ச்சலில் கிடந்தபோது லீவு போட்டுப் பார்த்தது எல்லாம் அவள். அதில் ஒன்றையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவனே பேசினான். "மேனேஜர்தான் சொன்னார், அண்ணி. உங்க லைசென்ஸ் எப்படியும் போயிடும், வெளியாள் கைக்குப் போறதுக்கு நீ எடுத்துக்கோ, குடும்பத்துக்குள்ளயே இருக்கும்னார். பைக்கை வித்து முன்பணம் கட்டினேன். மிச்சம் தவணை."

"பைக் திருட்டுப் போச்சுன்னு சொன்ன."

"ஆமா."

"குடும்பத்துக்காகத்தான் எடுத்தியா?"

"முழுக்க இல்ல. எத்தனை வருஷம் உங்க கையிலேயே சம்பளம் வாங்குறதுன்னும் இருந்துச்சு."

வக்கீலம்மா கை நீட்டினார். "ஒப்பந்தம் வச்சிருக்கீங்களா?"

வேனின் சீட்டுக்கு அடியில் இருந்தது. போய் எடுத்து வந்தான். வக்கீலம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை ஒரு இடத்தில் வைத்து, தந்தியைப் படிக்கச் சொன்னார்.

"செப்டம்பர் பன்னிரண்டு" என்றான் தந்தி. "புகார் பதினெட்டு. அழுக்கு சேர்றதுக்கு ஆறு நாள் முன்னாடியே வித்துட்டாங்க!"

"அந்தக் கடிதம் வந்தப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கணுமே?" என்றார் வக்கீலம்மா கொழுந்தனிடம்.

"புரிஞ்சுது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது கொழுந்தனின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் முகம் வெளுத்தது. மேனேஜர். வக்கீலம்மா ஸ்பீக்கரைக் காட்டி, எடுக்கும்படி சைகை செய்தார். தந்தி தன் போனில் பதிவைத் தட்டிவிட்டான்.

"தம்பி! யோகக்காரன்யா நீ" என்றது அந்தச் சிரிப்பு. "ஃபர்னிச்சர் ஷோரூம் காலியாகுது. வேற ரெண்டு பேர் கேட்டு வந்தாங்க, அக்காவும் தம்பியும். உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணத்தைக் கட்டிடு. அடுத்த வாரம் உங்க அண்ணிக்குக் கடிதம் போயிடும்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். "என்ன புகார் சார்?"

"அதை இனிமேதான் எழுதணும்."

அண்ணி போனைக் கையில் வாங்கினாள். அவளுடைய குரல் வார்டில் நர்ஸுகளை விலகச் சொல்லும் சூப்பர்வைசரின் குரலாக இருந்தது. "எழுதுங்க சார். நான் அண்ணிதான் பேசறேன். கடிதத்தை இந்தத் தடவை வக்கீல் ஆபீஸுக்கே அனுப்பிடுங்க."

மறுமுனையில் அந்தச் சிரிப்பு அறுந்தது. லைன் துண்டித்த சத்தம் மட்டும் வந்தது.

தந்தி துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் வக்கீலம்மா ஒப்பந்தத்தோடு ஒட்டியிருந்த ரசீதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாதே. முன்பணம் வாங்கின முத்திரை மேனேஜருது இல்ல, தலைமை அலுவலகத்துது. ஒரே கிளினிக்குக்கு ஒரே வீட்டுலேருந்து ரெண்டு தடவை கட்டணம் வந்திருக்கு. அங்க ஒருத்தர் கண்ணுக்கும் படலையா? இவர் ஒரு ஏரியா. இந்த மாதிரி அவங்களுக்கு எத்தனை ஏரியா இருக்கோ."

அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்தன் முன்னால் வைத்தார். "நடந்ததை உங்க கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இது இருந்தா உங்க அண்ணி கட்டின கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஷோரூமையும் காப்பாத்தலாம். ஆனா ஒண்ணு. இதைக் கொடுத்தா உங்க ஒப்பந்தமும் செல்லாது. நீங்க கட்டினது எப்ப திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. வராமலே போகலாம்."

அவன் பேனாவை எடுத்தான். அரை மணி நேரம் எழுதினான். அடித்து, திருத்தி, மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அண்ணி அந்தத் தாளை வாங்கி, நின்றபடியே வரி வரியாகப் படித்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"‘அண்ணிக்குத் தெரியாமல்’னு எழுதியிருக்க."

"ஆமா."

"தெரியாம நடந்தது வேற. ‘அண்ணியை ஏமாற்றி’ன்னு எழுது."

தந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் பேனா அடிக்கும் சத்தம், பிறகு எழுதும் சத்தம் கேட்டது. அடித்த இடத்தில் வக்கீலம்மா இன்னொரு கையெழுத்து வாங்கினார்.

அண்ணி தாளைத் திரும்பவும் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். "வண்டிச் சாவியைக் கொடு."

அவன் கொடுத்தான். அவள் படியிறங்கிப் போனாள். அவன் நாலு படி பின்னால் போனான்.

மேலேயிருந்து தந்தி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கொழுந்தன் மறுபக்கக் கதவருகே போய் நின்றான், கைப்பிடியைத் தொடவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனடித்து ஏதோ திட்டினான்.

"இப்ப அந்தம்மா விட்டுட்டுப் போயிடும் பாருங்க, மேடம்" என்றான் தந்தி. எதையும் நம்பாத அவன் குணம் அது.

வேன் ஒரு அடி நகர்ந்தது. நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டது.